நேரலை எங்கே அறுந்தது? இணையவழி ஒளிபரப்பைக் கண்காணிக்கும் கருவியும் அதன் எச்சரிக்கை எல்லைகளும்

நினைவேந்தல் நிகழ்வாக இருக்கலாம், காணி விடுவிப்புக் கோரும் போராட்டமாக இருக்கலாம், நல்லூர்த் தேராகவும் இருக்கலாம். வடக்குக் கிழக்கில் நடக்கும் ஒரு நிகழ்வை நேரில் வர முடியாதவர்கள் இன்று பார்ப்பது நேரலையில்தான். புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்கு அதை விட்டால் வேறு வழியும் இல்லை. அந்த நேரலை நடுவில் அறுந்துவிட்டால், சில நிமிடங்களுக்குள் வற்ஸ்அப் குழுக்களில் ஒரே வார்த்தை சுற்றத் தொடங்கிவிடும்: "துண்டித்துவிட்டார்கள்."

இந்தச் சந்தேகம் வெறுமனே பிறந்ததல்ல. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மக்கள் எழுச்சியின் தொடக்கத்திலும் இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. ஆனால் நேரலை அறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. மின்தடை வரலாம். ஒரே கோபுரத்தில் ஆயிரம் கைபேசிகள் கூடி இணைப்பு நெரியலாம். என்கோடர் சூடேறி நின்றுவிடலாம். கமராவின் வயர் கழன்றிருக்கலாம். பார்ப்பவருக்கு எல்லாமே ஒன்றுதான்: சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு வட்டம்.

எது நடந்தது என்று பின்னர் உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், நடக்கும்போதே அளந்து வைத்திருக்க வேண்டும். தொலைக்காட்சி நிறுவனங்களும், பியோ ரிவி போன்ற ஐ.பி. தொலைக்காட்சிச் சேவைகளும் இதற்கெனப் பயன்படுத்தும் கருவி 'புறோப்' எனப்படும் காணொளிக் கண்காணிப்புக் கருவி. அது எப்படி வேலை செய்கிறது, அதில் எச்சரிக்கை எல்லைகளை எப்படி வைப்பது, சிறிய தமிழ் ஊடகம் ஒன்று இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கருவி எதைப் பார்க்கிறது?

புறோப் என்பது ஓய்வில்லாத ஒரு பார்வையாளர். வலையமைப்பின் ஓரிடத்தில் அமர்ந்து, மற்றப் பார்வையாளர்கள் பெறும் அதே ஸ்ட்ரீமைத் தானும் பெற்று, படத்தை ரசிப்பதற்குப் பதிலாக வந்து சேரும் ஒவ்வொரு தரவுப்பொதியையும் எண்ணுகிறது.

தொலைக்காட்சிக்கான எம்பெக் ஸ்ட்ரீம் 188 பைற் அளவுள்ள சிறு பொதிகளால் ஆனது. வலையமைப்பில் அனுப்பும்போது வழக்கமாக ஏழு பொதிகளை ஒன்றாகக் கட்டி, 1316 பைற் கொண்ட ஒரு பெரிய பொதியாக யூ.டி.பி. முறையில் அனுப்புவார்கள். யூ.டி.பி.யின் இயல்பு, போனது போனதுதான். வழியில் தொலைந்த பொதியை அது திரும்பக் கேட்பதில்லை. ஒவ்வொரு சிறு பொதியிலும் 0 முதல் 15 வரை சுழலும் தொடர் எண் இருக்கிறது. 7க்குப் பிறகு 9 வந்தால், இடையில் ஒன்று தொலைந்துவிட்டது என்பது கருவிக்குத் தெரிந்துவிடும். ஆர்.ரி.பி. முறையில் அனுப்பினால் பெரிய பொதிகளுக்கும் தனியாக ஒரு தொடர் எண் கிடைக்கும்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்ப்பதில் ஒரு பயன் உண்டு. பெரிய பொதிகளின் எண் ஒழுங்காக வந்தும் உள்ளேயுள்ள சிறு பொதிகளின் எண் தவறியிருந்தால், பிழை அளக்கும் இடத்துக்கு வரும் வலையமைப்பில் இல்லை. அது அதற்கு முன்னரே, என்கோடரிலோ அதற்கு முந்திய இணைப்பிலோ நிகழ்ந்திருக்கிறது. இரண்டு எண்களும் தவறியிருந்தால் வலையமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

99.9 வீதம் போதுமா?

எல்லைமதிப்பு வைப்பதில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய கணக்கு இது. செக்கனுக்கு 4 மெகாபிற் வேகத்தில் போகும் ஒரு ஸ்ட்ரீமில் ஏறத்தாழ 380 பெரிய பொதிகள் செக்கன்தோறும் செல்கின்றன. ஆயிரத்தில் ஒன்று மட்டும் தொலைகிறது என்று வைத்துக்கொள்வோம். பரீட்சையில் 99.9 புள்ளி எடுத்தால் நாம் மகிழ்வோம். இங்கேயோ ஏறத்தாழ இரண்டரைச் செக்கனுக்கு ஒருமுறை ஒரு பொதி தொலைகிறது. படம் கட்டம் கட்டமாக உடையும், ஒலி வெட்டி வெட்டிக் கேட்கும். யாரும் பார்க்க முடியாது.

அதே ஸ்ட்ரீமில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பொதி மட்டும் தொலைந்தால், இழப்பு 13 இலட்சத்துக்கும் அதிகமான பொதிகளில் ஒன்று. பெரும்பாலான பார்வையாளர்கள் கவனிக்கவே மாட்டார்கள்.

எனவே இழப்பை வீதத்தில் மட்டும் அளப்பது ஏமாற்றும். 'பிழைச் செக்கன்' என்ற அளவு இதைவிட நேர்மையானது. ஒரு செக்கனுக்குள் ஒரு பொதியாவது தொலைந்திருந்தால் அது பிழைச் செக்கன். ஒரு நிமிடத்தில் எத்தனை பிழைச் செக்கன்கள் என்று எண்ணினால், பார்வையாளர் எத்தனை முறை முகம் சுளித்திருப்பார் என்பதற்கு ஓரளவு நெருங்கி வரலாம். தொடக்கத்துக்கு, நிமிடத்தில் ஒரு பிழைச் செக்கன் என்றால் பதிவு மட்டும், மூன்று என்றால் மஞ்சள் எச்சரிக்கை, பத்து என்றால் சிவப்பு என வைத்துக்கொண்டு, அனுபவத்தில் திருத்திக்கொள்ளலாம்.

மூன்று படிகள்

எந்தப் பிழை எவ்வளவு பாரதூரமானது என்பதற்கு ஐரோப்பியத் தொலைத்தொடர்பு நியம நிறுவனத்தின் 'ரி.ஆர் 101 290' என்ற ஆவணமே நீண்டகாலமாக அடிப்படை. அதன் முதல் வடிவம் 1997இல் வெளியானது. அது பிழைகளை மூன்று படிகளாகப் பிரிக்கிறது.

முதற்படியில் இருப்பவை ஒளிபரப்பையே நிறுத்திவிடக்கூடியவை: ஸ்ட்ரீமின் ஒத்திசைவு அறுதல், தொடர் எண் தவறுதல், எந்த நிகழ்ச்சி எந்தப் பொதிகளில் வருகிறது என்று சொல்லும் அட்டவணை அரைச் செக்கனுக்கு ஒருமுறையாவது வராமல் போதல் போன்றவை. இரண்டாம் படியில் தொடர்ந்து கவனிக்க வேண்டியவை உள்ளன. படமும் ஒலியும் ஒன்றோடொன்று ஓடுவதற்கான கடிகாரக் குறிப்புகள் பிந்துவது இதில் அடங்கும். மூன்றாம் படியில் இருப்பவை நிகழ்ச்சி விபரங்கள் போன்ற துணைத் தகவல்களின் பிழைகள்.

புதிதாகக் கருவியை நிறுவுபவர்கள் இந்த மூன்று படிகளுக்கும் ஒரே மாதிரி அலாரத்தைத் திறந்துவிடுவார்கள். அன்றிரவே நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் வந்து குவியும். மூன்றாம் நாள் யாரும் அவற்றைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். முதற்படிக்கு மட்டும் கைபேசியில் அலாரம், இரண்டாம் படிக்குத் திரையில் மஞ்சள் நிறம், மூன்றாம் படிக்குப் பதிவு மட்டும் என்று பிரிப்பதே சிறிய நிலையத்துக்குப் பொருத்தம்.

பிந்தி வரும் பொதி

பொதி தொலையாமல் பிந்தி வந்தாலும் பிரச்சினைதான். பார்வையாளரின் கருவி வரும் பொதிகளைச் சிறிது நேரம் சேமித்து வைத்தே காட்டுகிறது. அந்தச் சேமிப்பு தீர்வதற்குள் அடுத்த பொதி வராவிட்டால் படம் நின்றுவிடும். 2006இல் வெளியான ஆர்.எவ்.சி. 4445 என்ற ஆவணம் இந்தத் தாமத ஏற்ற இறக்கத்தையும் பொதி இழப்பையும் இரண்டு எண்களாகச் சேர்த்துத் தரும் ஒரு சுட்டியை முன்மொழிந்தது. புறோப்கள் பலவும் அதைக் காட்டுகின்றன.

இதற்கான எல்லையை அடுத்த நிலையத்தைப் பார்த்து அப்படியே பிரதி செய்யக்கூடாது. பார்வையாளரின் கருவி 200 மில்லிசெக்கன் சேமித்து வைக்கிறது என்றால், 30 மில்லிசெக்கன் தடுமாற்றம் பொருட்டே அல்ல. 100ஐத் தாண்டினால் மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு என வைக்கலாம். சேமிப்பு 50 மில்லிசெக்கன்தான் என்றால் அதே எண்கள் பயனற்றவை. அலாரம் ஒலிக்கும் முன்பே படம் நின்றிருக்கும்.

எல்லாம் பச்சை, திரையோ கறுப்பு

நிலையான வேகத்தில் அனுப்பப்படும் ஸ்ட்ரீமில், படத்துக்குத் தேவைப்படாத இடத்தை வெற்றுப் பொதிகளால் நிரப்புவார்கள். கமராவிலிருந்து படம் வருவது நின்றுபோனாலும், இந்த வெற்றுப் பொதிகளால் மொத்த வேகம் அதே 4 மெகாபிற் என்று காட்டலாம். மொத்த வேகத்துக்கு மட்டும் எல்லை வைத்திருந்தால் கருவி பச்சை விளக்கையே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே எல்லையைக் காணொளிப் பொதிகளின் வேகத்துக்குத் தனியாகவும், ஒலிப் பொதிகளின் வேகத்துக்குத் தனியாகவும் வைக்க வேண்டும். வழமையான அளவின் பாதிக்குக் கீழ் பத்துச் செக்கன் இருந்தால் அலாரம் என்பது நல்ல தொடக்கம்.

அதுவும் போதாது. கமரா இணைப்பு அறுந்தால் சில என்கோடர்கள் கறுப்புத் திரையையோ கடைசியாக வந்த படத்தையோ தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும். பொதிகள் எல்லாம் ஒழுங்காக வரும், நிகழ்ச்சிதான் இருக்காது. இதைப் பிடிக்கப் படத்தையும் ஒலியையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: திரை கறுத்திருக்கிறதா, படம் உறைந்திருக்கிறதா, ஒலி அற்றுப்போயிருக்கிறதா?

விலை உயர்ந்த கருவி வாங்க முடியாதவர்களுக்கும் இதில் வழி உண்டு. 'எவ்.எவ்.எம்பெக்' என்ற இலவச மென்பொருளில் இந்த மூன்றையும் கண்டறியும் வடிப்பான்கள் இருக்கின்றன. 'ரி.எஸ்.டக்' என்ற திறந்தமூல மென்பொருள் எம்பெக் பொதிகளின் தொடர் எண்களைச் சோதிக்கும். ஒரு பழைய கணினி போதும்.

ஆனால் எவ்.எவ்.எம்பெக்கின் அந்த மூன்று வடிப்பான்களும் முன்னிருப்பாக இரண்டு செக்கனுக்கு வைக்கப்பட்டவை. எங்கள் நிகழ்வுகளை நினைத்துப் பாருங்கள். நினைவேந்தலில் அகவணக்கம் நடக்கும்போது நிமிடக்கணக்கில் ஒலி இருக்காது. கமரா எரியும் சுடரில் நிலைத்து நிற்கும். அசைவதெல்லாம் அந்தச் சுடர் மட்டுமே. மாலை மங்கிய வேளையானால் திரையின் பெரும்பகுதி இருட்டாகவே இருக்கும். இரண்டு செக்கன் எல்லையில், நிகழ்வின் மிக முக்கியமான நிமிடத்திலேயே கருவி "ஒலி இல்லை, படம் உறைந்துவிட்டது" என்று கத்தத் தொடங்கும். பதற்றத்தில் யாராவது என்கோடரை நிறுத்தி மீண்டும் போட்டால், கருவியே நேரலையை அறுத்த கதையாகிவிடும்.

தீர்வு எளிது. ஒலியின்மைக்கான எல்லையை அகவணக்கத்தின் நீளத்தைவிட அதிகமாக வையுங்கள். ஒலி முற்றாக இல்லாமல் போவதையும் மெதுவான ஒலியையும் வேறுபடுத்துங்கள். திறந்த வெளியில் மௌனத்தின்போதும் காற்றும் காகமும் கேட்கும், வயர் கழன்றால் அதுவும் கேட்காது. படம் உறைதலும் ஒலியின்மையும் சேர்ந்து வந்தால் மட்டும் சிவப்பு என்று வைத்தால், பொய்யான அலாரங்கள் வெகுவாகக் குறையும். எல்லை வைப்பவருக்கு வலையமைப்பு மட்டுமல்ல, நிகழ்ச்சி நிரலும் தெரிந்திருக்க வேண்டும்.

கைபேசியில் பார்ப்பவருக்கு

இணையத்தில் பார்ப்பவர்களுக்குக் காணொளி வேறு முறையில் போகிறது. எச்.எல்.எஸ். முறையில் நேரலை சில செக்கன் நீளமான துண்டுகளாக வெட்டப்பட்டு, எந்தத் துண்டு அடுத்தது என்று சொல்லும் ஒரு பட்டியலோடு வழங்கப்படுகிறது. இங்கே தொலைந்த பொதி திரும்பக் கேட்கப்படும் என்பதால் படம் உடையாது. ஆனால் காத்திருக்க வைக்கும்.

அளக்க வேண்டியவையும் வேறு. பட்டியல் புதுப்பிக்கப்படுகிறதா? ஆறு செக்கன் துண்டு ஒன்றை இறக்க எத்தனை செக்கன் எடுக்கிறது? மூன்றைத் தாண்டினால் மஞ்சள். அடுத்தடுத்து இரண்டு துண்டுகள் ஆறைத் தாண்டினால் சிவப்பு. பட்டியல் மூன்று துண்டுகளின் நேரத்துக்கு மாறாமல் நின்றால் அதுவும் சிவப்பு.

தர அளவுகள் எல்லாவற்றையும் தனித்தனியாக அளப்பது அவசியம். அலுவலகத்தில் பெரிய திரையில் உயர்தரப் படம் தெளிவாக ஓடிக்கொண்டிருக்கும். வன்னியில் பலவீனமான சிக்னலில் கைபேசியில் பார்ப்பவருக்குப் போகும் குறைந்த தரம் நின்றுபோயிருக்கும். அளக்காவிட்டால் அவர் சொல்லும் வரை தெரியாது. அவர் பெரும்பாலும் சொல்லமாட்டார், மூடிவிட்டுப் போய்விடுவார்.

நிகழ்விடத்திலிருந்து நிலையத்துக்கு எஸ்.ஆர்.ரி. முறையில் அனுப்புபவர்கள் இரண்டு எண்களைக் கவனிக்க வேண்டும். மீள அனுப்பப்பட்ட பொதிகள் கூடுவது, இணைப்பு நெரிகிறது என்ற முன்னறிவிப்பு. காலம் கடந்து கைவிடப்பட்ட பொதிகள், ஏற்கெனவே நிகழ்ந்த சேதம். முதலாவதுக்கு மஞ்சள் வைத்தால், இரண்டாவது வருவதற்குள் வேகத்தைக் குறைத்து நேரலையைக் காப்பாற்றலாம்.

எங்கே அறுந்தது என்று அறிவது

ஒரே இடத்தில் அளந்தால் அறுந்தது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. குறைந்தது நான்கு இடங்கள் வேண்டும்: என்கோடரின் வாயில், நிலையத்தின் சேவையகம், உள்நாட்டில் வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்புகளில் ஓரிரு பார்வையாளர் இடங்கள், வெளிநாட்டில் ஒன்று. கடைசி இரண்டுக்கும் நம்பிக்கையான ஒருவரின் வீட்டில் ஒரு சிறிய கணினி போதும்.

என்கோடரில் சரி, சேவையகத்தில் பிழை என்றால் நிகழ்விடத்தின் இணைப்பில் கோளாறு. சேவையகத்தில் சரி, உள்நாட்டில் ஒரு நிறுவனத்தின் இணைப்பில் மட்டும் பிழை என்றால் அந்த நிறுவனத்தின் பக்கத்தில் ஏதோ நடந்திருக்கிறது. ரொறன்ரோவில் ஓடுகிறது, உள்நாட்டில் எல்லா இணைப்புகளிலும் ஒரே நிமிடத்தில் நின்றது என்றால், சேவையகம் வெளிநாட்டில் இருப்பின் சர்வதேச இணைப்புக் கோளாறு அல்லது முடக்கம் என்ற கேள்வி எழுகிறது. அதே வேளையில் வேறு வெளிநாட்டுத் தளங்கள் திறந்தனவா என்பதையும் பதிவு செய்திருந்தால் இரண்டையும் பிரித்தறியலாம். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நின்று, உங்கள் என்கோடர் மட்டும் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தால், யூடியூப், முகநூல் போன்ற தளமே நேரலையை நிறுத்தியிருக்கலாம்.

கருவி சொல்வது எங்கே, எப்போது, எப்படி என்பதை மட்டுமே. யார், ஏன் என்பதை அது சொல்லாது. ஆனால் முதல் மூன்றும் கையில் இல்லாமல் கடைசி இரண்டையும் கேட்பது, சாட்சியில்லாத முறைப்பாடாகவே முடியும்.

அலாரம் யாருக்குப் போகிறது?

எல்லைகளை வைக்கும் முன் ஒரு வாரம் அலாரம் இல்லாமல் அளக்க மட்டும் விடுங்கள். மாலை நேர நெரிசலும் ஒரு மின்தடையும் அதற்குள் அகப்பட்டால் நல்லது. வழமை எது என்று தெரிந்த பின்னரே வழமைக்கு மாறானதைக் குறிக்க முடியும். அலாரம் எழுவதற்கும் அடங்குவதற்கும் வெவ்வேறு நேரம் கொடுங்கள். பத்துச் செக்கன் பிழை தொடர்ந்தால் எழட்டும், ஒரு நிமிடம் சீராக இருந்தால் அடங்கட்டும். இல்லாவிட்டால் எல்லைக்கோட்டில் தள்ளாடும் ஸ்ட்ரீம் நிமிடத்துக்குப் பத்துத் தடவை செய்தி அனுப்பும்.

நேரலை போகும் அதே இணைப்பில் அலாரமும் போகக்கூடாது. இணைப்பு அறுந்தால் அறுந்தது என்ற செய்தியும் சேர்ந்தே அறும். வேறொரு நிறுவனத்தின் சிம்மில் குறுஞ்செய்தியாக அனுப்புவது பாதுகாப்பானது. கருவியே நின்றுபோனாலும் எந்த அலாரமும் வராது, எல்லாம் நலம் என்றே தோன்றும். எனவே 'உயிரோடு இருக்கிறேன்' என்று அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளியிலுள்ள ஒரு கணினிக்குச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் நின்றால் அங்கிருந்து அலாரம் வர வேண்டும்.

இரவுக் காவலுக்கு எங்களிடம் ஒரு வசதி உண்டு. கோடைகாலத்தில் யாழ்ப்பாணத்தில் அதிகாலை 2 மணி என்றால் ரொறன்ரோவில் முந்திய நாள் மாலை 4.30. அங்குள்ள ஒரு தன்னார்வலர் விழித்திருக்கும் நேரம் அது. ஆனால் எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒன்றாகவும் பதிவில் நேரவலயம் தெளிவாகவும் இருக்க வேண்டும். இரண்டு நாடுகளின் பதிவுகளை ஒப்பிடும்போது நேரம் பொருந்தாவிட்டால் அந்தப் பதிவு எதையும் நிரூபிக்காது.

நிகழ்வுக்கு முதல்நாள் வயரைக் கழற்றிப் பாருங்கள். அலாரம் எத்தனை செக்கனில், யாருடைய கைபேசிக்கு வந்தது? வராவிட்டால் அன்றே திருத்திக்கொள்ளலாம்.

பதிவும் பாதுகாப்பும்

அளவீடுகளின் பதிவை அலாரம் அடங்கியதும் அழித்துவிடாமல் வைத்திருங்கள். ஒரு பிரதி வேறு நாட்டிலுள்ள சேவையகத்தில் இருக்கட்டும். அதே வேளை, அந்தப் பதிவில் எது இருக்கக்கூடாது என்பதையும் யோசிக்க வேண்டும். புறோப் தானே ஒரு பார்வையாளராக இருந்து ஸ்ட்ரீமை அளக்கிறது. மற்றப் பார்வையாளர்களைப் பற்றிய எந்த விபரமும் அதற்குத் தேவையில்லை. சேவையகத்தில் பதியும் பார்வையாளர்களின் ஐ.பி. முகவரிகளை இதோடு சேர்த்து வைக்காதீர்கள். யார் எந்த நிகழ்வைப் பார்த்தார் என்ற பட்டியல், விசாரணைகளுக்கும் வீடு தேடி வருபவர்களுக்கும் பழகிப்போன எங்கள் மக்களுக்கு என்ன பொருள் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அலாரம் பெறுபவர்களின் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் பதிவுப் பிரதிகளில் சேர்க்காமல் விடுவதும் அதே காரணத்துக்காகத்தான்.

அடுத்த முறை நேரலை அறும்போது, "10.42க்கு நிகழ்விடத்தின் இணைப்பு நெரிந்தது, 10.49க்குச் சீரானது, மன்னிக்கவும்" என்று ஒரு ஊடகம் தன் பார்வையாளர்களுக்கு உடனே அறிவிக்க முடிந்தால், வதந்திக்கு வேலை இருக்காது. அப்படிப் பலமுறை உண்மையைச் சொன்ன ஊடகம் ஒருநாள், "எங்கள் பக்கத்தில் எந்தக் கோளாறும் இல்லை, உள்நாட்டு இணைப்புகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் நின்றிருக்கிறது, இதோ பதிவு" என்று சொன்னால், அதைத் தட்டிக்கழிப்பது யாருக்கும் எளிதாக இருக்காது.